இடப்பக்கச் சக்கரம்

அந்தக் காருக்கு முன்சீட்டும் பின்சீட்டும் கூரைத் துணியும் தைத்தவள் நான். அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. எந்தக் காலத்திலோ அமெரிக்காவில் செய்த வண்டி. முன்சீட்டு இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே பெஞ்சு, மூன்று பேர் உட்கார்ந்து நடுவில் ஒரு மூட்டையும் வைக்கலாம். அந்த ரெக்ஸினை என் தையல் மிஷினில் நுழைக்க மேஜையைச் சுவரை விட்டு இழுத்துப்போட்டு, மீதித் துணியைக் கட்டில் மேல் பரப்பி, கட்டிலில் படுக்க இடமில்லாமல் தரையில் படுத்தேன். ஊசி எத்தனை உடைந்தது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

வண்டிக்குச் சொந்தக்காரர் கீழ்வீட்டுப் பல் டாக்டர். நான் மாடியில் வாடகைக்கு இருப்பவள். முன்னறையில் அவர் கிளினிக், பின்னால் குடித்தனம், பக்கவாட்டில் தகரக் கொட்டகை. கிளினிக்கில் அவர் பல்லைப் பார்ப்பார், அவர் மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுப்பாள். கையை நீட்டி "அடுத்தது" என்பார், அவள் கொடுப்பாள். கடைசி நோயாளி வாயைக் கொப்பளித்துவிட்டுப் போன மறுநிமிஷம் டாக்டர் கொட்டகைக்குள் இருப்பார்.

பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் கோழிகள் குடியிருந்த வண்டி அது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்றைக்கு அக்கா (அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சமைக்கவே இல்லை.

"இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்திருந்தாக்கூட இவ்வளவு இடத்தை அடைச்சிருக்க மாட்டா" என்றாள் என்னிடம்.

நானும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். பிறகு அந்த மனுஷன் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோனது. பல் சுரண்டும் கொக்கியால் குரோம் பட்டையின் இடுக்கில் இருக்கும் துருவைச் சுரண்டுவார். பல் கடையும் மிஷினால் கதவுக் கைப்பிடியின் எழுத்துகளைச் சுத்தம் செய்வார். அந்த வண்டிக்குக் கியர் கம்பு கிடையாது, ஸ்டீயரிங் பக்கத்தில் பட்டன்கள்தான். அதில் ஒரு பட்டனைக் காணோம். பக்கத்துப் பட்டனைப் பல்செட்டுக்கு அச்செடுக்கும் பசையில் அழுத்தி அச்செடுத்து, பல்செட்டு செய்கிற சிவப்பு மாவில் ஒரு பட்டன் வார்த்து, மேலே வெள்ளை அடித்துப் பொருத்தினார். "பல்செட்டு மாவுல கியர் பட்டன் வெச்ச ஒரே வண்டி இதுதான் உலகத்துல" என்று அவரே சொல்லிக்கொண்டார். எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும், ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர் பிடிவாதம்.

அந்த வண்டியில் ஒரு கூத்து உண்டு. வலப்பக்கச் சக்கரங்களின் நட்டை எல்லா வண்டியையும் போல வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடப்பக்கச் சக்கரங்களில் மரை தலைகீழ். இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், வலப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும். வண்டி ஓட ஓட நட்டு தானாகக் கழலக் கூடாது என்று அந்தக் காலத்து இஞ்சினியர்கள் செய்து வைத்த ஏற்பாடாம். இது தெரியாமல் பஞ்சர் கடைக்காரர் ஒருநாள் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றுகிறேன் என்று ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தார். அவர் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியதில் போல்ட்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. அதற்கு மாற்றுப் போல்ட்டு கடல் தாண்டி வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. பல் பிடுங்கும்போது நோயாளியைவிட அதிகமாக முகம் சுருங்குகிற சாது மனுஷன், அன்றைக்குப் போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அதிலிருந்து கொட்டகைக்குள் யார் கால் வைத்தாலும் முதல் வார்த்தை அதுதான். "இடது பக்கம் இடது, வலது பக்கம் வலது. ஞாபகம் வெச்சுக்க." ஸ்பாஞ்ச் தூக்கிக்கொண்டு போன எனக்கும் சொல்லியிருக்கிறார். நான் என்ன சக்கரத்தையா தைக்கப்போகிறேன்?

பின்சீட்டுக்கு ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், உன்னோட வெச்சுக்க. போன வாரம் ஒரு அம்மா வந்துச்சில்ல, வலது பக்கம் கீழ்ப்பல்லு. எக்ஸ்ரே படம் எதிர்லயே மாட்டியிருக்கு. இவர் ஊசியை எடுத்துக்கிட்டு இடது பக்கம் போறார்."

"போட்டுட்டாரா?"

"நான் இருமினேன். நிமிர்ந்து பாத்தார். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இந்தப் பக்கம் வந்துட்டார்."

"ஒரு தடவைதானே அக்கா. நானும்தான் கத்திரியைக் கையில வெச்சுக்கிட்டே கத்திரியைத் தேடறேன்."

"நீ மறந்தா துணி கெடும். இவர் மறந்தா? நான் இருமறது அது மொதத் தடவை இல்லடீ."

நான் ஸ்பாஞ்சை அடைப்பதை நிறுத்திவிட்டேன். "பேசிப் பாத்தீங்களா?"

"பேசாம இருப்பேனா? கண்ணாடி மாத்தணும்ங்கறார். தூக்கம் சரியில்லைங்கறார். அதுக்கு மேல கேட்டா கொட்டகைக்குப் போயிடறார்." அவள் வண்டியின் பக்கம் கையைக் காட்டினாள். "இதைப் பாரு. எத்தனை ஒயரு, எத்தனை நட்டு, எத்தனை குழாய். ஒண்ணுகூட மாறாமப் பூட்டியிருக்கார். மண்டை குழம்பினவருக்கு இது முடியுமா? இந்த வண்டி ஒரு குறையும் இல்லாம ஓடிருச்சுன்னா என் பயம்தான் தப்புன்னு விட்டுடுவேன். இல்லைன்னா கிளினிக்கைப் பூட்டிடுவேன். அடுத்தவங்க வாய் அது, விளையாட்டு இல்ல. ஆனா அதுக்கப்புறம் இந்த மனுஷன் என்ன ஆவார்னு எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு அழவில்லை. விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானது என்று முத்திரை வாங்கும் நாள் வந்தது. ஆபீஸ் மலைக்கு அந்தப் பக்கம். வளைவு வளைவாக ஏறி, அதைவிட மோசமாக இறங்க வேண்டும். காகிதத்தில் வண்டி அக்கா பெயரில் இருந்ததால் அவள் கட்டாயம் போக வேண்டும். ஓட்டுவதற்குத் தன் தம்பியை வரச்சொல்லியிருந்தாள். அவன் பஸ் டிரைவர். அதைக் காலையில்தான் டாக்டரிடம் சொன்னாள் போலிருக்கிறது. சமையலறை ஜன்னல் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. கேட்கக் கூடாது என்று ஒன்றும் நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"என் வண்டியை நான் ஓட்டக் கூடாதா?"

"யாரு கூடாதுன்னா? மலைப்பாதைங்க. ராத்திரியெல்லாம் மழை வேற. அவனுக்கு அது தெனப்படி வேலை."

"எனக்கு ஓட்டத் தெரியாதா?"

"தெரியும். அன்னைக்குப் பெட்ரோல் போடப் போனவர் எங்க போய் நின்னீங்க? நான்தானே வந்து கூட்டிட்டு வந்தேன்."

ஒரு பாத்திரம் மேடை மேல் டக்கென்று உட்கார்ந்தது.

"அந்த ரோட்டை ஒருவழி ஆக்கிட்டான். எவனா இருந்தாலும் குழம்பத்தான் செய்வான்" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. "சரி. உன் தம்பியே ஓட்டட்டும். நான் வரல. நீங்களே போய்ட்டு வாங்க."

"வாங்களேன், பின்னாடி உக்காந்துக்கலாம்."

"என் வண்டியில நான் பின்னாடி உக்காரணுமா?"

கதவு சாத்துகிற சத்தம். அடுத்து கொட்டகையில் விளக்கு எரிந்தது.

நான் ஜன்னலோரம் ஒரு பேன்ட்டுக்குக் கால் மடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தி எண்ணெய் பார்த்தார், தண்ணீர் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகப் போனார். வலப்பக்கம் முதலில். ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். ஏற்கனவே இறுகியிருந்ததால் அசையவில்லை. இடப்பக்கம் வந்தார். இங்கே ஒவ்வொரு நட்டுக்கும் "க்ரக்" என்று ஒரு சத்தம் வந்தது, ஸ்பேனர் கொஞ்சம் சுற்றியது. இந்தப் பக்கம் லூசாக இருந்திருக்கும், நல்லவேளை பார்த்தார் என்று நினைத்துக்கொண்டேன். வட்ட மூடிகளை உள்ளங்கையால் தட்டிப் பொருத்தி, துணியால் துடைத்து, எழுந்து நின்று வண்டியை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தால் அவர் மேல் யாருக்கும் கோபம் வராது.

அதற்கப்புறம்தான் அக்காவின் தம்பி வந்தான். வண்டி கிளம்பியபோது என் மேஜை மேல் இருந்த குண்டூசி டப்பா அதிர்ந்தது. அக்கா கண்ணாடியை இறக்கி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"யாராவது பல்லுன்னு வந்தா இன்னைக்கு இல்லைன்னு சொல்லிடு. போர்டைத் திருப்பி மாட்டியிருக்கேன்."

டாக்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு உள்ளே போனார்.

தூறல் போட ஆரம்பித்தது. நான் மிஷினில் உட்கார்ந்தேன். தையல் மிஷினின் கைச்சக்கரத்தை எப்போதும் நம் பக்கமாகத்தான் உருட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் நூல் அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இருந்தும் யோசனையில் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டேன். நூல் சிக்கியது. சனியன் என்று சொல்லிக்கொண்டே குனிந்தவள், அப்படியே இருந்துவிட்டேன்.

வலப்பக்கம் சத்தம் வரவில்லை. இடப்பக்கம் ஒவ்வொரு நட்டுக்கும் வந்தது. லூசான நட்டு ஏன் க்ரக் என்று சத்தம் போட வேண்டும்? இறுகியிருந்ததைக் கழற்றினால்தானே அந்தச் சத்தம் வரும்? ஸ்பேனர் எந்தப் பக்கம் சுற்றியது? கண்ணை மூடிப் பார்த்தேன். டாக்டர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் அழுத்தினார்.

அக்காவின் போனுக்கு அடித்துக்கொண்டே படி இறங்கினேன். அது கீழே சமையலறையில் மணியடித்தது.

கிளினிக்கில் நாற்காலி காலியாக இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் ரொட்டி வேன்காரர் அதில் மல்லாந்து கிடந்தார், கழுத்தில் துணி, கன்னத்துக்குள் பஞ்சு. போர்டை மதிக்கிற நிலையில் அவர் பல் இல்லை போலும். டாக்டர் ஊசி போட்டு முடித்துவிட்டு மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

"பேஷண்ட் இருக்கார் பாரு."

"காலையில சக்கரத்துக்கு நட்டு டைட் பண்ணீங்களே. இடது பக்கம் எப்படித் திருகினீங்க?"

சிரித்தார். "எனக்கே பாடம் எடுக்கறியா? இடது பக்கம் இடது."

"திருகிக் காட்டுங்க."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சிரிப்பு போய்விட்டது. உறை போட்ட கையை உயர்த்தி, காற்றில் ஸ்பேனரைப் பிடிப்பது போல் பிடித்து அழுத்தினார். கை வலப்பக்கம் போனது. நிறுத்தினார். மறுபடி பிடித்து அழுத்தினார். மறுபடியும் வலப்பக்கம்தான் போனது. வாய் மட்டும் "இடது பக்கம் இடது" என்று முணுமுணுத்தது. அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"சத்தம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும்."

"வலது பக்கம்?"

"வரல."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப கழட்டி விட்டிருக்கேன்."

அடுத்த கணமே எழுந்து மச்சானுக்குப் போன் போட்டார். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டான்" என்றார். "ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டான். நல்ல பழக்கம்."

எங்களிடம் வேறு வண்டி என்று இருந்தது என் சைக்கிள் ஒன்றுதான். நாற்காலியில் கிடந்தவர் எழுந்தார். பாதி நாக்கு மரத்துப்போயிருந்தது. "வேங் இருக்கு, வாங்க" என்றார். கழுத்துத் துணியை அவிழ்க்கக்கூட இல்லை.

ரொட்டி வேனில் முன்னால் மூன்று பேர் உட்காருவது லேசுப்பட்ட காரியமில்லை. டாக்டர் நடுவில், கியர் கம்பு அவர் முழங்காலில் இடிக்க. பின்னால் தட்டுகள் கடகடத்தன. சூடான ரொட்டி வாசனை வேன் முழுக்க அடித்தது. வேன்காரர் கன்னப் பஞ்சோடு ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்து ஓட்டினார்.

"கொஞ்சம் வேகமா" என்றேன்.

"ஈய ரோடு" என்றார். ஈர ரோடு என்று புரிந்துகொண்டேன்.

டாக்டர் யாரிடம் என்றில்லாமல் பேசிக்கொண்டே வந்தார்.

"மொதல்ல லேசா ஆடும். அப்புறம் நட்டு ஒவ்வொண்ணா மூடிக்குள்ள விழும். கடகடன்னு கேக்கணும். ஆனா அந்த இஞ்சின் போடற சத்தத்துல எங்க கேக்கும்? சைலன்சரை மாத்தலாம்னு மச்சான் சொன்னான். நான்தான் ஒரிஜினல் சத்தம் வேணும்னேன். பெல்ட்டும் போடல. அந்த வண்டிக்குப் பெல்ட் கிடையாது, நானும் வெக்கல. ரெண்டு பேரையும் அப்படியே உக்காரவெச்சு அனுப்பிட்டேன்."

"ஒண்ணும் ஆகாது டாக்டர்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்?

முதல் வளைவு ஏறினோம். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துக் கட்டைச் சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். டாக்டர் பார்க்கவில்லை, மடியில் கிடந்த கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவ இருமுவா, தெரியுமா?" என்றார் திடீரென்று.

நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தப்பான பக்கம் போனா இருமுவா. எனக்குத் தெரியும். கவனிக்காத மாதிரியே பக்கம் மாறிடுவேன். அவளும் கவனிக்காத மாதிரியே இருப்பா. இன்னைக்குச் சக்கரத்துக்கிட்ட அவ இல்ல."

வேன்காரர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அவர் கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன். அவர் வாய்க்குள்ளும் ஒரு ஊசி போயிருக்கிறதே.

உச்சிக்கு முந்திய வளைவில் நாலைந்து பேர் ஓரமாக நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி இரண்டு நாளைக்கு வலித்தது. வேன் நிற்பதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"தார்ப்பாய் பறந்து விழுந்துருச்சும்மா. எப்படி எடுக்கறதுன்னு பாக்கறோம்" என்றார் ஒரு லாரிக்காரர். அந்தத் தார்ப்பாயைக் கும்பிடலாம் போல இருந்தது.

"பெரிய கார் ஒண்ணு போச்சா? பழைய மாடல்?"

"கப்பல் மாதிரி ஒண்ணு போச்சே. கொஞ்ச முன்னாடிதான். போட்டோகூட எடுத்தோம்."

"எப்படிப் போச்சு?" டாக்டர் வேனுக்குள் இருந்தே கேட்டார். "ஆட்டம் ஏதாவது இருந்துச்சா?"

"ஆட்டமா? ஜம்முனு போச்சுங்க."

உச்சியைத் தாண்டினோம். இறக்கம் ஆரம்பித்தது. இதுவரை ஏறினவர்கள் மெதுவாகப் போயிருப்பார்கள், இனிமேல்தான் பயம் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வேன்காரர் பஞ்சைத் துப்பிவிட்டு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

இரண்டாவது வளைவைத் திரும்பியதும் வண்டி தெரிந்தது.

ஓரத்தில், மலைப்பக்கமாக, ஜாக்கி மேல் நின்றது. இடப்பக்க முன்சக்கரத்தின் மூடி புல்லில் கிடந்தது. அக்காவின் தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கையில் ஏந்தி நின்றாள், அதற்குள் நட்டுகள். உயிரோடு, முழுசாக, தூறலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு இறங்கிப் போனார். அக்கா அவரைப் பார்த்தாள், பின்னால் என்னைப் பார்த்தாள், கழுத்தில் துணியோடு நின்ற வேன்காரரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

தம்பி முந்திக்கொண்டான்.

"அத்தான், தப்பு என்னோடது. கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாச் சக்கரத்தையும் ஒருக்கா இழுத்துப் பாத்தேன். பஸ்ஸுல பண்ற பழக்கம். இந்தப் பக்கம் தலைகீழ்னு மறந்தே போச்சு. ஸ்டீயரிங் கையில உதறுச்சு, ஒடனே ஓரங்கட்டிட்டேன். பின்சக்கரத்தை இறுக்கியாச்சு. இதுல ஒரு போல்ட்டு மட்டும் தேஞ்சிருக்கு. வேற சேதாரம் இல்ல."

எங்கள் தெருவே அறியும், தன் தப்பை ஒப்புக்கொண்டதாக அவனுக்குச் சரித்திரமே கிடையாது. இப்போது செய்யாத தப்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்தார் டாக்டர். பழைய குரல், பஞ்சர் கடைக்காரரிடம் போட்ட அதே குரல். "கொட்டகைக்குள்ள வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும்..."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தவள் நான் பக்கத்திலேயே நிற்கிறேன். வேனில் சொன்னதெல்லாம் என்ன ஆனது? அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், பேசாதே என்று.

டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். குனிந்து ஸ்பேனரை எடுத்தார். டப்பா மூடியிலிருந்து ஒரு நட்டை எடுத்து விரலால் போல்ட்டில் ஏற்றி, ஸ்பேனரைப் பொருத்தினார். கையை அழுத்தவில்லை. அப்படியே இருந்தார். தூறல் அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அந்தக் கை காத்துக்கொண்டிருந்தது. நாங்களும் காத்திருந்தோம். அக்காவுக்கு இருமல் தொண்டை வரைக்கும் வந்திருக்கும், அவள் இருமவில்லை.

"மச்சான்" என்றார் டாக்டர், திரும்பாமல். "நீ வர்றப்பவே நான் மூடியெல்லாம் போட்டுத் துடைச்சு வெச்சிருந்தேன். நீ சக்கரத்துக்கிட்டப் போகவே இல்ல. பொய் சொல்ல உனக்கு வரல."

"இல்ல அத்தான், நான்..."

"விடுப்பா. நான்தான் திருகினேன்." ஸ்பேனரை எடுத்து அக்கா பக்கம் நீட்டினார். "இந்தா. நீ திருகு. நான் சொல்ற பக்கம் திருகாதே. உன் தம்பி சொல்ற பக்கம் திருகு."

அக்கா ஸ்பேனரை வாங்காமல் நின்றாள். "வண்டி தானேங்க" என்றாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

கிளினிக்கைப் பூட்டிவிடுவேன் என்று பின்சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் அவள்தான். பூட்டுகிற நேரம் வந்ததும் அவளாலேயே முடியவில்லை.

டாக்டர் எழுந்து வேன்காரரிடம் போனார். "எந்தப் பல்லு வலின்னு வந்தீங்க?"

அவர் வலது கன்னத்தைத் தொட்டார்.

"மரத்திருக்கறது எந்தப் பக்கம்?"

அதே கன்னம். டாக்டருக்கு அது போதவில்லை. ரோட்டோரத்தில் அவரை வாயைத் திறக்கச் சொல்லி, என் போன் வெளிச்சத்தைக் காட்டச் சொல்லி, உள்ளே உற்றுப் பார்த்தார். வேன்காரர் தலையைச் சாய்த்து ஆ என்று நின்றார், மழைத்துளி வாய்க்குள் விழ விழ.

"சரியான பல்லுக்குத்தான் போட்டிருக்கேன்" என்றார் டாக்டர் அக்காவைப் பார்த்து. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. "பாரு, நீ இல்லாமயே சரியாப் போட்டிருக்கேன்."

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"அப்ப இதோட நிறுத்திக்கறேன்." வேன்காரர் பக்கம் திரும்பினார். "கீழ டவுன்ல ஒரு பொண்ணு டாக்டர் இருக்கு, என்னைவிடக் கை லேசு. மரப்பு போறதுக்குள்ள போயிடலாம், நான் போன் பண்ணிச் சொல்றேன்."

அவர் ஏதோ சொன்னார். நீங்களே பிடுங்குங்கள் டாக்டர் என்பது போல எனக்குக் கேட்டது.

"இல்லப்பா. நான் இனிமே பல்லைத் தொடமாட்டேன்."

சொன்னது வேன்காரரிடம். ஆனால் அக்காதான் டப்பா மூடியைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு இல்லாத தூசியைச் சக்கரத்திலிருந்து துடைத்தான். டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். அதை மடித்து, ஈரமண்ணில் சக்கரத்துக்கு எதிரே போட்டார்.

"உக்காரு" என்றார். "முழங்கால் வலிக்கும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அதன் மேல் மண்டியிட்டாள். ஸ்பேனரை வாங்கி நட்டில் பொருத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியைத் துடைக்கக்கூடக் கை வைத்தது கிடையாது.

"எந்தப் பக்கம்டா?"

"இடது பக்கம் அக்கா. உன் பக்கமா இழு. இன்னும். அவ்வளவுதான்."

நட்டு இறுகியது. டாக்டர் டப்பா மூடியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அடுத்தது" என்று அக்கா கையை நீட்டினாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார்.